எண்ணெய்க் கடை வீட்டிலும் வரி விழும்

விருதுநகரில் எண்ணெய்க்குப் பஞ்சம் கிடையாது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் பருப்பும் வத்தலும் விலை பேசப்பட்டு வெளியூர் போகிற ஊர். அப்பா பஜாரில் சில்லறை எண்ணெய்க் கடை வைத்திருந்தார். பதினைந்து கிலோ டின்களைத் திறந்து அரைக் கிலோவும் கால் கிலோவுமாக அளந்து கொடுக்கும் கடை. அவர் சட்டையில், கல்லாப் பெட்டி ரூபாய் நோட்டில், எங்கள் பள்ளிக்கூடப் பைகளில்கூட எண்ணெய் வாசம் இருக்கும். அப்படிப்பட்ட வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை உண்டானால் முதல் பேச்சே எண்ணெய்தான்.

2011-இல் எனக்கு முதல் பிள்ளை உண்டாகியிருந்தது. சென்னையில், வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பக்கம் அமைத்து மெய்ப்புத் திருத்தித் தரும் ஒரு கம்பெனியில் வேலை. அஞ்சாவது மாதத்தில் ஊருக்குப் போனபோது ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். அம்மாச்சிக்கு விளக்கெண்ணெய். கடையில் வாங்கியது ஆகாது. முத்துக்கொட்டையை வறுத்து இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை வழித்து எடுத்ததாக இருக்க வேண்டும். அத்தைக்குத் தேங்காய் எண்ணெய். மதுரையில் டீச்சராக இருக்கும் மதினிக்கு ஆலிவ் எண்ணெய். சென்னையில் என் பக்கத்து சீட்டுத் தோழி கோக்கோ வெண்ணெய் கலந்த வெளிநாட்டு க்ரீம் ஒன்றின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தாள். அப்பா இந்த விஷயத்தையெல்லாம் என்னிடம் நேரில் பேசமாட்டார். செக்கில் அன்று ஆட்டிய நல்லெண்ணெயை ஒரு பாட்டிலில் ஊற்றி, “அவகிட்ட குடு” என்று அம்மாவிடம் கொடுத்தனுப்பினார்.

எல்லாருக்கும் நோக்கம் ஒன்றுதான். வயிற்றில் கோடு விழக் கூடாது.

க்ரீம் விலை என்னை யோசிக்க வைத்தது. வீட்டில் டின் டின்னாக எண்ணெய் இருக்கும்போது விரல் நீள ட்யூபுக்கு அவ்வளவு கொடுப்பதா என்று இருந்தது. ஆனாலும் வாங்கினேன். காலையில் க்ரீம், ராத்திரி எண்ணெய். ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாச்சி தன் மடியில் என் தலையை வைத்துப் படுக்கவைத்து, இடுப்பிலிருந்து முன்பக்கமாக விரல்களால் அரக்கித் தேய்த்துவிடுவாள். கை சொரசொரவென்று இருக்கும். அழுத்தம் மட்டும் ஒரே சீராக இருக்கும். தேய்க்கும்போது பிள்ளை உள்ளே புரண்டால், “என்ன தாயி, எண்ணெ வாசம் ஒனக்கும் புடிச்சிருக்கா?” என்று வயிற்றைப் பார்த்துக் கேட்பாள்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். கோடு விழுந்ததை முதலில் பார்த்தது நான் இல்லை. அந்த மாதங்களில் தன் அடிவயிற்றைத் தானே பார்க்க முடியாது. குனிந்தால் மேல்வயிறு மறைக்கும். ஒரு நாள் அம்மா எனக்குச் சேலைக் கொசுவம் செருகிவிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். கண்ணாடியைக் கொண்டுவந்து கீழே பிடித்துக் காட்டினாள். தொப்புளுக்குக் கீழே இரண்டு பக்கமும், மேலிருந்து கீழாக, விரல்கடை நீளத்துக்குக் கோடுகள். படங்களில் ரோஜா நிறமாகக் காட்டுவார்களே, அப்படி இல்லை. எங்கள் மாநிறத்தில் அவை கத்தரிப்பூ நிறமாக, ஓரம் கறுத்து இருந்தன. விரலால் தடவினால் லேசாகக் குழிந்தன. கொஞ்ச நாளில் இடுப்புக்கும் தொடைக்கும் மார்புக்கும் பரவின.

செய்தி அன்று சாயங்காலமே கூடத்துக்கு வந்துவிட்டது. கூடவே விசாரணையும் வந்தது.

“சொறிஞ்சிருப்பா. சொறியாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்” என்றாள் அத்தை.

“எண்ணெப் புரோட்டா திங்காதன்னா கேட்டாளா?” என்றார் சித்தி. விருதுநகரில் புரோட்டாவை எண்ணெயில் முறுகப் பொரித்துத் தருவார்கள். மசக்கை நின்றபின் எனக்கு அதன்மேல் ஆசை வந்தது உண்மைதான்.

“ஆபீஸ்ல உக்காந்தே இருந்தா இப்படித்தான்.”

“எண்ணெய வெறும் வயித்துல தேய்க்கணும். சாப்புட்டுத் தேச்சா எப்படிப் புடிக்கும்?”

“எம் மருமகளுக்கு ஒரு கோடு விழுந்துச்சா பாருங்க” என்று பெரியம்மா, மதுரை மதினியையும் அவளுடைய ஆலிவ் எண்ணெயையும் சாட்சிக்கு இழுத்தாள்.

யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் ஒரே தீர்ப்பு இருந்தது: கோடு விழுந்தால் அது பெண்ணின் கவனக்குறைவு. அஞ்சாவது மாதத்திலிருந்து ஒருநாள் தவறாமல் தேய்த்தவள் நான். அந்த விசாரணையில் என்னிடம் பதில் இல்லை.

அடுத்த பரிசோதனைக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் கேட்டேன். வயதானவர், கூட்டம் எவ்வளவு இருந்தாலும் கேட்டதற்கு உட்கார்ந்து பதில் சொல்வார். அன்று நான் லைனிங் வைத்துத் தைத்த ரவிக்கை போட்டிருந்தேன். அதன் கை விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மடக்கிக் காட்டினார்.

“இது மேல் துணி. உள்ள லைனிங். உடம்பு பெருத்து ரவிக்கை இறுகுச்சுன்னா சில நேரம் மேல் துணி முழுசா இருக்கும், லைனிங் மட்டும் இழை விட்டுரும், இல்லையாம்மா? உன் வயித்துலயும் அதுதான். மேல்தோல் முழுசா இருக்கு. அதுக்குக் கீழ இருக்கிற தோல்ல இழை விட்டிருக்கு. மேல் துணியில எண்ணெய் தேச்சா லைனிங் கிழியாம இருக்குமா?”

அதற்குமேல் அவர் சொன்னதை என் வார்த்தையில் சொல்கிறேன். நம் மேல்தோலுக்கு அடியில் இருக்கும் தடித்த அடுக்குதான் தோலுக்கு உறுதியும் இழுவையும் தருவது. உறுதிக்குக் கொலாஜன், இழுத்து விட்டால் பழையபடி திரும்புவதற்கு எலாஸ்டின் என்று இரண்டு வகை இழைகள் அதில் பின்னிக் கிடக்கின்றன. கர்ப்பத்தில் வயிறு வேகமாகப் பெருக்கும்போது இந்த இழைகள் இழுபடுகின்றன. அதே நேரத்தில் உடம்பில் மாறும் ஹார்மோன்கள் இழைகளின் பிடிப்பைத் தளர்த்துகின்றன. இரண்டும் சேரும்போது உள்ளே இழை விடுகிறது. புதிதில் அங்கே ரத்தக்குழாய்கள் தெரிவதால் சிவப்பாக, நம் நிறத்தில் ஊதாவாகத் தெரியும். மாதங்கள் போகப் போக அது ஆறி, வெளுத்து, சுருங்கிய தழும்பாகிவிடும். பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்குப் பிறகுதான் வரும். கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு மேல் வருகிறது. சொறிவதால் கோடு விழுவதில்லை. தோல் இழுபட்டுக் காய்வதால் அரிப்பு வருகிறது, அதே இழுபடலில் கோடும் விழுகிறது. இரண்டும் ஒன்றாக வருவதைப் பார்த்தவர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததாக முடிவு கட்டிவிட்டார்கள்.

“யாருக்கு விழும், யாருக்கு விழாது டாக்டர்?”

“உங்கம்மா வயித்தப் பாத்திருக்கியா?” என்றார்.

பார்த்ததில்லை. குளித்துவிட்டு ஈரச் சேலையோடு வரும் அம்மாவைப் பார்த்திருக்கிறேன். அடிவயிறு தெரியும்படி அவள் எங்கள் முன் ஒருநாளும் நின்றதில்லை. வீட்டுக்கு வந்து கேட்டதும் முதலில் சிரித்தாள். “கேக்கிற கேள்வியப் பாரு” என்றாள். பிறகு கதவைச் சாத்திவிட்டுச் சேலையைத் தளர்த்திக் காட்டினாள். தொப்புளிலிருந்து இடுப்பெலும்பு வரை, கோடு எது இடைவெளி எது என்று பிரிக்க முடியாதபடி வெள்ளை வெள்ளையாக வரிகள். சில கோடுகள் சுண்டுவிரல் அகலம். தொட்டால் மெல்லிய தாள்போலச் சுருங்கி மடிந்தது அந்த இடம். பத்தொன்பது வயதில் என் அண்ணனைப் பெற்றவள்.

“நீ என்ன எண்ணெம்மா தேச்ச?”

“தேய்க்காத எண்ணெ இல்லடீ. ஒங்கப்பா கடையில இருந்த அம்புட்டும் தேச்சேன்.”

“அம்மாச்சிக்கு?”

“எனக்கு மேல.”

எண்ணெய்க் கடைக்காரர் பெண்டாட்டி அவள். முத்துக்கொட்டை இடித்தே கை காய்த்தவள் அம்மாச்சி. இரண்டு பேர் வயிற்றிலும் வரி. ஆனால் வயிற்றில் கோடு விழாமல் பார்த்துக்கொள் என்று எனக்குச் சொன்னவர்களும் அவர்களே. தங்களுக்கு விழுந்ததையும் தாங்கள் செய்த ஏதோ ஒரு தப்பாகவே அத்தனை வருடமும் வைத்திருந்திருக்கிறார்கள். அம்மாவிடம் டாக்டர் சொன்னதைச் சொன்னபோது, “அப்ப நான் சொறிஞ்சதுனால இல்லையா?” என்று கேட்டாள். முப்பது வருடத்துக்குப் பிறகு கேட்கிறாள்.

மதுரை மதினியின் கதையும் அப்புறம் வேறு மாதிரி தெரிந்தது. அவள் முப்பது வயதுக்கு மேல் கல்யாணம் ஆனவள். அவள் அம்மாவுக்கும் அக்காமார் இரண்டு பேருக்கும் வரி விழவில்லை என்று அவளே பிறகு சொன்னாள். சின்ன வயதில் பிள்ளை பெறுகிறவர்களுக்கும், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வரி இருப்பவர்களுக்கும், கர்ப்பத்துக்கு முன்பே உடல் எடை கூடியவர்களுக்கும், கர்ப்பத்தில் நிறைய எடை ஏறுபவர்களுக்கும், பிள்ளை பெரிதாக இருப்பவர்களுக்கும் வரி அதிகம் விழுகிறது. மதினி ஆலிவ் எண்ணெய் தேய்க்காமல் இருந்திருந்தாலும் அவளுக்கு விழாமல் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். பாராட்டெல்லாம் எண்ணெய்க்குப் போய்விட்டது.

எடை விஷயத்தில் மட்டும் டாக்டர் கண்டிப்பாக இருந்தார். “ரெண்டு பேருக்குச் சாப்பிடுன்னு சொல்வாங்க. ரெண்டு பேருக்கு வேண்டாம், ஒழுங்காச் சாப்பிடு. மொத்தத்துல பத்துல இருந்து பன்னிரண்டு கிலோ ஏறினாப் போதும். ஒரேயடியா ஏறாம, மாசாமாசம் சீரா ஏறணும்.” கூடவே இன்னொன்றும் சொன்னார்: “கோடு விழுதுன்னு பட்டினி கிடக்காதே. அப்படி ஒருத்தி வந்தா. பிள்ளை எடை குறைஞ்சு போச்சு.”

அந்த நாட்களில் என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து வாராவாரம் வந்து போவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் சட்டையில்லாமல் குளித்துக்கொண்டிருந்தவரின் முதுகைப் பார்த்தேன். கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிற முதுகுதான். நடு முதுகுக்குக் கீழே, குறுக்காக, வெள்ளைக் கோடுகள் வரிசையாக இருந்தன.

“ஏங்க, இது என்னங்க?”

“எது?” தொட்டுக் காட்டினேன். “அதுவா, ஒன்பதாங்கிளாஸ்ல கிடுகிடுன்னு வளந்தேன்ல, அப்ப வந்ததா இருக்கும். யாருக்குத் தெரியும்? முதுகு தானே.”

வளர்கிற வயதில் ஒரே வருடத்தில் உயரம் கூடும் பையன்களுக்கு முதுகில் குறுக்காக இப்படி விழுவது சாதாரணம். பெண் பிள்ளைகளுக்கு இடுப்பிலும் தொடையிலும் விழும். ஜிம்முக்குப் போய்ச் சட்டென்று புஜம் பெருக்கிறவர்களுக்குத் தோளில் விழும். எல்லாம் ஒரே வரிதான். அவர் முதுகு வரிக்கு யாரும் எண்ணெய் சொல்லவில்லை, யாரும் புரோட்டாவைக் காரணம் காட்டவில்லை. அவருக்கே அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

ஒன்பதாம் மாதத்தில் எனக்கு வேறொரு தொல்லை வந்தது. வரிகளின் மேலேயே சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்புகள் கிளம்பின. கொசுக்கடி போல ஆரம்பித்து, சேர்ந்து பட்டையாகி, தொடைக்கு இறங்கின. தொப்புளைச் சுற்றி மட்டும் ஒன்றும் இல்லை. ராத்திரி முழுக்க அரிப்பு. அம்மாச்சி வேப்பிலையை அரைக்கக் கிளம்பினாள். டாக்டர் பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: தலைப்பிள்ளைக்காரிகளுக்குக் கடைசி வாரங்களில் வருவது, பிள்ளைக்கு ஒன்றும் செய்யாது, பிரசவம் ஆனதும் போய்விடும். காலமைன் லோஷனும், தடிப்பின் மேல் கொஞ்ச நாள் பூச ஒரு களிம்பும், தூங்குவதற்கு மாத்திரையும் எழுதினார். அப்படியே போயும்விட்டது.

எழுந்து வரும்போது அவர் சொன்னதைத்தான் இந்தக் கட்டுரையில் எல்லாவற்றுக்கும் மேலாகச் சொல்ல நினைக்கிறேன். “வயிறு அரிச்சா எண்ணெய் தேச்சுக்கோ. ஆனா தடிப்பு ஒண்ணும் இல்லாம உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிச்சா, அதுவும் ராத்திரியில ஜாஸ்தியானா, தேதி பாக்காதே. அன்னைக்கே கிளம்பி வா.”

எனக்கு அது வரவில்லை. சில வருடங்கள் கழித்துப் பெரியப்பா மகளுக்கு வந்தது. என்னைவிடச் சின்னவள், எட்டாம் மாதம். ஒரு ராத்திரி போனில் பேசிக்கொண்டிருந்தபோது, “அக்கா, காலைத் தரையில தேச்சுத் தேச்சே தோலு வழண்டுபோச்சு. கை ரெண்டும் அரிக்குது. அத்தை, பிள்ளைக்கு முடி மொளைக்குதுன்னு சிரிக்கிறாங்க” என்றாள். அரிப்பு வந்தால் வயிற்றுப் பிள்ளைக்கு முடி வளர்கிறது என்று சொல்வது நம் பக்கத்தில் வழக்கம். அரிப்பு, கோடு, எண்ணெய் எல்லாம் ஒரே பேச்சாகிவிட்டதால், எந்த அரிப்பும் எண்ணெயில் தீரும் என்று ஆகிவிட்டது. உடம்பில் தடிப்பு ஏதும் உண்டா என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்றாள். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அவள் மாமியார், “இதுக்கெல்லாமா டாக்டரு?” என்று தயங்கியபின் கூடவே போனார்.

ரத்தத்தில் பித்த அமிலத்தின் அளவும் கல்லீரல் பரிசோதனையும் பார்த்தார்கள். இரண்டும் கூடியிருந்தன. கர்ப்பத்தில் சிலருக்குக் கல்லீரலிலிருந்து பித்தம் சரியாக வடியாமல் ரத்தத்தில் சேர்ந்துவிடுகிறது. தாய்க்கு அது அரிப்பாகத் தெரியும். சிலருக்குச் சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போகும், கண் மஞ்சளாகும். பித்த அமிலம் மிக அதிகமானால் வயிற்றில் இருக்கும் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. அவளுக்கு மாத்திரை கொடுத்து, திரும்பத் திரும்ப ரத்தம் எடுத்துப் பார்த்து, நாளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்த மாமியார் இன்றைக்குத் தெருவில் எந்தக் கர்ப்பிணியைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, “உள்ளங்கை அரிக்குதாம்மா?”

என் பிரசவத்துக்குப் பின் அம்மாச்சி பழைய வேட்டியைக் கிழித்து வயிற்றை இறுக்கிக் கட்டினாள். வேது வெந்நீரில் குளிப்பாட்டினாள். கட்டினால் வயிறு உள்ளே போகும், வரியும் மறையும் என்பது கணக்கு. கட்டு இருந்தது இடுப்புக்குத் தெம்பாகத்தான் இருந்தது. எழுந்து உட்கார, பால் கொடுக்க உதவியது. வரி மறையவில்லை. வயிறு வடிந்ததும் அவை இன்னும் சுருங்கி, முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தன. நடுவயிற்றில் தொப்புளைப் பிளந்து ஓடிய கருங்கோடு மட்டும் தானாக மங்கிப் போனது. அது நிறமி கூடியதால் வருவது, தோல் இழை விட்டது இல்லை. பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்போது என் வரிகள் கத்தரிப்பூ நிறம் போய் வெளுத்திருந்தன.

வேலைக்குத் திரும்பிய பிறகு, என் மேஜைக்கு வரும் தாள்களின் புண்ணியத்தில் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்கப் பழகினேன். உலகெங்கும் நடக்கும் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்துச் சலித்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு 2012-இல் இந்த வரியையும் எடுத்துக்கொண்டது. கர்ப்பிணிகள் 800 பேரை வைத்து நடந்த ஆறு சோதனைகளைப் பார்த்துவிட்டு, வரி விழாமல் தடுப்பதற்கு மேலே பூசும் எந்த மருந்துக்கும் போதிய ஆதாரம் இல்லை என்று சொன்னது. கோக்கோ வெண்ணெய் க்ரீமைத் தனியாகவே சோதித்திருக்கிறார்கள். 2008-இல் லெபனானில், 2010-இல் ஜமைக்காவில். பாதிப் பேருக்கு அசல் க்ரீம், பாதிப் பேருக்கு அதேபோல் தோன்றும் வெறும் க்ரீம். இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் வரி விழுந்தது. ஆலிவ் எண்ணெயை ஈரானில் சோதித்தார்கள். அதற்கும் அதே கதிதான். 2013-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு, வரி விழுவதற்கும் எலாஸ்டினைத் தயாரிக்கும் மரபணுவின் அக்கம்பக்கத்து வேறுபாட்டுக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியது. “உங்கம்மா வயித்தப் பாத்திருக்கியா?” என்று டாக்டரம்மா கேட்டதற்கு அது அச்சில் வந்த விளக்கம்.

அம்மாச்சிக்குச் சாதகமாகவும் ஒன்று கிடைத்தது. துருக்கியில் கசப்பு பாதாம் எண்ணெயை வைத்துச் செய்த சின்ன ஆய்வு. எண்ணெயை வெறுமே பூசிக்கொண்டவர்களுக்குப் பெரிய பயன் இல்லை. விரலால் நேரம் எடுத்துத் தேய்த்துப் பிடித்துவிட்டவர்களுக்கு வரி குறைவாக இருந்தது. இந்த ஒன்றை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனாலும் போனில் அம்மாச்சியிடம் சொன்னேன். “பின்ன? எண்ணெயா தேய்க்குது, கையில்ல தேய்க்குது” என்றாள்.

வந்த வரியைப் போக்க வழி உண்டா என்றும் பார்த்தேன். மதுரையில் ஒரு தோல் டாக்டர் நேர்மையாகச் சொன்னார். நிறம் மாறாத புது வரிக்கு ஒரு வகை லேசர், வெளுத்த பழைய வரிக்கு வேறு வகை, நுண்ணூசிகளால் தோலைக் குத்தி உள்ளே கொலாஜன் வளரத் தூண்டும் முறை ஒன்று. வரி மங்கும், அகலம் குறையும், முழுக்கப் போகாது. பல தடவை வர வேண்டும். நம்மைப் போன்ற நிறத்துக்கு லேசர் பட்ட இடம் கறுத்துப்போகும் அபாயமும் இருக்கிறது, அதனால் பார்த்துத்தான் செய்ய வேண்டும். வைட்டமின் ஏ வகை க்ரீம் புது வரிக்குக் கொஞ்சம் கேட்கும் என்றாலும், கர்ப்பத்தில் அதைத் தொடக்கூடாது. பால் கொடுக்கும் காலத்திலும் டாக்டரைக் கேட்காமல் கூடாது. மொத்தச் செலவு என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். வேண்டும் என்று செய்துகொள்கிறவர்களிடம் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. அவரவர் உடம்பு, அவரவர் காசு. ஆனால் பிரசவத்துக்குப் பிறகு, படித்த தோல் டாக்டரிடம் செய்துகொள்ள வேண்டும். எங்கள் பகுதியில் ஒரு அழகு நிலையம் கர்ப்பிணிகளுக்கே ‘வரி நீக்கும் பேக்கேஜ்’ என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எங்கள் அலுவலகத்துப் பையன் ஒருவன் தொடை இடுக்கில் வந்த படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கி மாதக்கணக்கில் பூசினான். அரிப்பு அடங்கியது, திரும்ப வந்தது, திரும்பப் பூசினான். கடைசியில் தொடை இடுக்கில் அகலமான சிவப்பு வரிகள் விழுந்துவிட்டன. களிம்பில் இருந்தது வீரியமான ஸ்டீராய்டு. தோல் இழையை அது மெலியச் செய்துவிடும். முகம் வெளுப்பதற்கென்று விற்கும் பல களிம்புகளிலும் அதே சரக்கு உண்டு. வரி போக என்று யாராவது பெயரில்லாத ட்யூப் கொடுத்தால், அது வரியைக் கொண்டுவரும் ட்யூபாகவே இருக்கலாம். டாக்டர் எழுதிக் கொடுத்து, எத்தனை நாள் என்று சொல்லித் தரும் ஸ்டீராய்டு வேறு. கடையில் கேட்டு வாங்குவது வேறு.

ரெண்டாவது பிள்ளை உண்டானபோது நான் க்ரீம் வாங்கவில்லை. அந்தக் காசு முட்டைக்கும் பழத்துக்கும் போனது. குளித்து முடித்துத் தோல் ஈரமாக இருக்கும்போதே தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். அரிப்பு அடங்கியது, தோல் காயவில்லை. பருத்திப் பாவாடை கட்டினேன், நாடாவை இறுக்காமல். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றிக்கொள்வதை விட்டேன். அது தோலை மேலும் காயவைக்கும். பழைய வரிகள் அகலமாயின. புதிதாகச் சில விழுந்தன. இந்தத் தடவை கூடத்தில் விசாரணை நடக்கவில்லை. அத்தை வாயெடுத்தபோது அம்மா குறுக்கிட்டு, “எனக்கும் விழுந்துச்சு, எங்கம்மாவுக்கும் விழுந்துச்சு. எங்க வீட்டுத் தோலு அப்படி” என்று முடித்துவிட்டாள்.

இதைப் படிக்கும் கர்ப்பிணிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் அம்மாக்களுக்கும் மாமியார்களுக்கும் சொல்ல இவ்வளவுதான். எண்ணெய் தேய்த்துவிடுங்கள், அரிப்புக்கு அது நல்லது, தேய்க்கும் கை அதைவிட நல்லது. வரி விழாமல் அது காக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், விழுந்தால் அவள் சொறிந்தாள், தின்றாள், தேய்க்கவில்லை என்று கணக்குக் கேட்காதீர்கள். விலை கூடிய க்ரீமுக்கு வைத்திருக்கும் பணத்தில் சத்தாகச் சாப்பிட வாங்கிக் கொடுங்கள், மாதப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால், பிள்ளைக்கு முடி முளைக்கிறது என்று சொல்லிச் சிரிக்காமல், விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.